பதின்மூன்று வெற்றியும் போதவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அணிகள் பருவ இறுதியில் நடக்கும் ‘பவுல்’ ஆட்டங்களுக்குத் தகுதி பெறும் முறை குறித்து எழுதுகிறேன். சாதாரண பவுல் ஆட்டத்துக்குக் கணக்கு எளிது. 12 ஆட்டங்களில் 6 வெற்றி இருந்தால் பொதுவாகப் போதும். ரோஸ், சுகர், ஆரஞ்சு முதலிய பெரிய பவுல்களில்தான் சிக்கல். அவை இன்று தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் தொடரின் காலிறுதி, அரையிறுதிகளாகச் சுழற்சி முறையில் நடக்கின்றன. அத்தொடருக்கான தரவரிசையை 13 பேர் கொண்ட தேர்வுக் குழு வகுக்கிறது.

அத்தொடரில் நான்கு அணிகளுக்கே இடமிருந்த 2023இல், ஃப்ளோரிடா ஸ்டேட் அணி 13 ஆட்டங்களிலும் வென்று தன் கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் மோதும் கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு) பட்டத்தையும் கைப்பற்றியிருந்தது. ஆனால் அதன் முதன்மை குவார்ட்டர்பேக் (தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறியும் வீரர்) ஜோர்டான் டிராவிஸ் நவம்பரில் கால் முறிந்து வெளியேறியதைக் குழு கருத்தில் கொண்டது. ஒரு தோல்வி கண்ட அலபாமாவுக்கு நான்காம் இடம் போயிற்று. களத்தில் ஒருமுறையும் தோற்காத அணியை, இனிமேல் தோற்கக்கூடும் என்ற ஊகத்தில் ஒதுக்கியதை என்னால் இன்றளவும் ஏற்க முடியவில்லை.

2024இல் இடங்கள் 12 ஆனதும், தரவரிசையில் முந்தி நின்ற ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு இடம் உறுதியானதும் வரவேற்கத்தக்கவை. எஞ்சிய ஏழு இடங்களோ குழுவின் மதிப்பீட்டையே நம்பியிருந்தன. வீரரின் காயத்துக்கும், எதிரணிகளின் வலிமைக்கும், வெற்றிக் கணக்குக்கும் எவ்வளவு எடை தரப்படும் என்பதைப் பருவம் தொடங்குமுன்பே குழு எழுத்துப்பூர்வமாக அறிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்