களரிக்கு நிலம் விடுங்கள், பெரியப்பா

ரொறன்ரோ,
தை மாதம்.

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நான் சுகம். பெரியம்மாவின் முழங்கால் நோ எப்படி? இங்கே கடுங்குளிர். வேலைக்குப் போகும்போது கண் மட்டும்தான் வெளியே தெரியும். மற்றபடி ஒரு குறையும் இல்லை.

போன கிழமை தம்பி போனில் கதைத்தான். ஊரில் கலாசார மண்டபம் கட்டப் போகிறார்களாம். கூத்து, கூட்டம், கலியாணம் எல்லாம் அதற்குள்தானாம். நாம் கூத்தாட வட்டக் களரி போடுகிற திறந்த வெட்டையிலேயே அத்திவாரமாம். அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை.

நான் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடைக்குக் கிட்ட, யங் தெருவும் பிரண்ட் தெருவும் சந்திக்கிற மூலையில் பெரிய மண்டபம் ஒன்று இருக்கிறது. இப்போது அதற்கு மெரிடியன் ஹோல் என்று பெயர். 1960 ஒக்டோபர் 1ஆம் திகதி திறந்தபோது ஓகீஃப் சென்ரர். பியர் கொம்பனிக் காசில் கட்டியதால் அந்தப் பெயர். பிறகு 1996இல் ஹம்மிங்பேர்ட், 2007இல் சோனி, 2019இல் மெரிடியன். காசு கொடுப்பவர் மாற, வாசல் பெயரும் மாறியது.

முதல் நாள் போட்டது ஆர்தர் மன்னனின் கதை. நாலு மணித்தியாலத்துக்கு மேல் ஓடியதாம். 1974இல் ரஷ்ய நடனக்காரர் பரிஷ்னிக்கோவ் இங்கே ஆடி முடித்த இரவுதான், வெளியே நின்ற கூட்டத்துக்குள்ளால் ஓடிக் காரில் ஏறி, இனி நாடு திரும்பேன் என்று கனடாவில் தங்கினார். அந்த வாசலால் போகும்போதெல்லாம் அவரை நினைப்பேன்.

3,000 பேருக்கு மேல் இருக்கலாம். ஒப்பரா, பாலே, இசை நாடகம், பேச்சு என எல்லாவற்றுக்கும் ஒரே மண்டபம் என்றுதான் கட்டினார்கள். ஆனால் ஒப்பராவுக்கு அது பெரிதாகிப்போனது. பாட்டு பின்வரிசைக்குச் சரியாகச் சேரவில்லை என்ற குறை தொடக்கத்திலிருந்தே இருந்தது. ஒப்பராக்காரரும் பாலேக்காரரும் நாற்பது வருசத்துக்கு மேல் சமாளித்துவிட்டு, 2006இல் தங்களுக்கென்றே கட்டிய, 2,000 பேர் மட்டில் இருக்கக்கூடிய போர் சீசன்ஸ் சென்ரருக்குப் போய்விட்டார்கள்.

நானும் ஒருமுறை டிக்கெட் எடுத்து மேல்மாடியில் இருந்து பார்த்தேன். ஆடியவளின் முகம் என் சின்னவிரல் நகத்தளவு. கைதட்டினேன், ஆனால் மனம் ஒட்டவில்லை. எனக்கு நினைவு வந்தது நம்மட களரிதான். கரப்புடுப்பு என்கிற விரிந்த கூத்து உடுப்போடு அருச்சுனன் சுற்றி வரும்போது அவன் வியர்வை நம்மில் தெறிக்கும், சதங்கை நெஞ்சுக்குள் கேட்கும். நடுவில் நீங்கள் மத்தளத்தோடு நிற்பீர்கள். உங்களைப் பார்த்துத்தான் அவன் அடி வைப்பான். நாலு பக்கமும் சனம்.

அறுபதுகளில் பேராசிரியர் வித்தியானந்தன் நம்மட கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில், முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு ஏற்றினாரே, அது பெரிய காரியம். அதனால்தான் படித்தவர்களும் கூத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்காக விடியவிடிய ஆடியதைச் சுருக்க வேண்டியும் வந்தது, மூன்று பக்கம் அடைபட்டது. மேடைக்கூத்து இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. களரி இருந்த இடத்தில் அதைக் கட்டவேண்டாம்.

நீங்கள் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார். கூட்டத்தில் நீங்கள் சொன்னால் கேட்பார்கள். மண்டபத்தை வாசிகசாலைப் பக்கம் தள்ளிக் கட்டச் சொல்லுங்கள். வெட்டையில் ஒரு கல்லும் வைக்கக் கூடாது. உடுப்பும் மத்தளமும் மழைக்கு நனையாமல் வைக்க ஒரு அறை மட்டும் கேளுங்கள், அது நமக்குக் கட்டாயம் வேணும்.

என் பங்குக் காசைத் தம்பியின் கணக்குக்கு அனுப்பிவிட்டேன். அதில் பாதி மண்டபத்துக்கு, பாதி மத்தளத்துக்குப் புதுத்தோல் போட. வைகாசியில் லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்தால் அரங்கேற்றத்துக்கு நிற்பேன், பிற்பாட்டுக்கு எனக்கு ஒரு இடம் வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்