இசக்கியின் கண்

அன்புள்ள மக்கா,

உன் மெயில் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. எழுத உட்காரும்போதெல்லாம் நமக்கு வரையச் சொல்லித் தந்த ஆசான் விஷயத்தைச் சொல்லாமல் வேறெதையும் எழுத முடியவில்லை, அதுதான் தாமதம். முதலில் வீட்டுச் சேதி. அம்மாவுக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது, காலையில் முற்றம் பெருக்குகிறாள், சொன்னால் கேட்பதில்லை. சின்னவள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், நாகர்கோவிலிலேயே சேர்க்கலாமா, உன் பக்கம் கோவைக்கு அனுப்பலாமா என்று தினமும் பேச்சு. மழை பிடித்துவிட்டது. திற்பரப்பு அருவியில் குளிக்க விடவில்லை, ரப்பர் பால்வெட்டும் ஒரு வாரமாக இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சித்திரையில் நம்ம பக்கத்து ஊர் இசக்கியம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு பிளக்ஸ் அடிக்க கமிட்டிக்காரர்கள் என் கடைக்கு வந்தார்கள். பழைய கோயில் சுவரில் ஆசான் வரைந்த இசக்கி உனக்கு ஞாபகம் இருக்கும், நாம் இரண்டு பேரும் பெயிண்ட் குழைத்துக் கொடுத்து, ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற சுவர். அதை இடித்துவிட்டு கான்கிரீட்டும் டைல்ஸுமாகப் புதுக் கோயில் எழும்பி நாலு வருஷம் ஆகிறது. ஒருத்தர் போனில் பழைய போட்டோ இருந்தது. இதே அம்மை வேணும், ஆனா புதுசா பளிச்சுன்னு வேணும், நாளைக் காலையில வேணும் என்றார்கள்.

நான் பிரஷ் பிடித்து எத்தனையோ வருஷம் ஆகிறது. போட்டோவை ஏஐக்குக் கொடுத்து, இதே முகம், இதே பாணி என்று நாலு வரி எழுதினேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் நாலு படம் தயார். சூலத்துக்கு நாலு முனை வந்திருந்தது, அட்டிகை போய் முடியோடு ஒட்டியிருந்தது, ஊர்ப் பெயரைத் தமிழில் போடச் சொன்னதற்குக் கொம்பும் காலும் இடம் மாறி வாசிக்கவே முடியாத ஏதோ ஒன்று வந்தது. அதையெல்லாம் போட்டோஷாப்பில் சரி செய்து, எழுத்தை நானே டைப் அடித்துப் போட்டேன். கண்ணை மட்டும் தொடவில்லை. அப்படியே ஆசானின் கண். வெளி ஓரத்தில் மேலே ஏறிப் போகும் இமை, இடது கண் ஒரு நூல் பெரிது, கீழ் இமைக்கு அடியில் கரும்பச்சையில் ஒரே ஒரு இழுப்பு. பார்த்தபோது எனக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது, உன்னிடம் அதை மறைக்க வேண்டாம். பத்துக்கு எட்டு அடியில் மூன்று பிளக்ஸ் அடித்தேன். டிசைனுக்கு மட்டும் தனியாக 1,500 ரூபாய். கீழ் மூலையில் என் கடைப் பெயரும் போன் நம்பரும்.

கொடை முடிந்த வாரம் ஆசானின் பேரன் கடைக்கு வந்தான். கண் ஆபரேஷன் முடிந்து அவன் பைக்கில் போகும்போது ஆசான் ஜங்ஷனில் அந்த பிளக்ஸைப் பார்த்திருக்கிறார். வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றாராம். "இது எவனாக்கும் வரஞ்சது? நம்மகிட்ட படிச்ச பயலாட்டுதான் இருக்கும். என்னை வந்து காணச் சொல்லு, அந்தக் கரும்பச்சையை எங்க நிறுத்தணும்னு சொல்லித் தாறேன்." இதுதான் அவர் சொல்லி அனுப்பியது.

அவர் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது மக்கா. எழுபத்தெட்டு வயதில் தன் கை இன்னொருத்தன் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்து அந்தப் பையனைத் தேடுகிறார். அப்படி ஒரு பையன் இல்லவே இல்லை.

உன் மெயிலில் நீ கேட்டிருந்தாய், உன் ஸ்கூல் பிள்ளைகள் ஏஐ படத்தைப் பார்த்து டிராயிங் நோட்டில் வரைந்துகொண்டு வருகிறார்கள், நாமும் காலண்டரைப் பார்த்துக் காப்பியடித்துப் படித்தவர்கள்தானே, இதில் என்ன பெரிய தப்பு என்று. காப்பியடித்தோம், உண்மைதான். ரவிவர்மா 1894-ல் தானே அச்சகம் வைத்து லட்சுமியையும் சரஸ்வதியையும் வீடு வீடாகக் கொண்டு சேர்த்தார், அதைப் பார்த்து வரைந்து பழகியவர்கள் எத்தனை பேர். கோவில்பட்டி கொண்டையராஜுவின் காலண்டர் முருகனைக் கட்டம் போட்டுத்தான் ஆசான் நமக்கு முகம் பழக்கினார். ஆனால் பென்சிலை எடுக்கும்போதே, இது கொண்டையராஜு முருகனாக்கும், மூக்கை நீ இஷ்டத்துக்கு மாத்தப்பிடாது என்று சொல்லித்தான் ஆரம்பிப்பார். நாம் சேர்ந்த அன்று வெற்றிலையில் ஒண்ணேகால் ரூபாய் வைத்துக் கொடுத்தோம். ஆறு மாதம் பிரஷ் கழுவினோம். ஆடி வாவுபலிக்கு நடக்கும் பொருட்காட்சியில் கடைகளுக்குப் போர்டு எழுதும்போது, ராத்திரி முழுக்க பெட்ரோமாக்ஸ் பிடித்துக்கொண்டு நின்றோம். கண் வரைய விட்டது நாலாவது வருஷம், அதுவும் உன்னைத்தான், என்னை அதற்கும் பிறகு. அவர் கையைப் பார்த்து எடுத்தோம், ஆனால் அவர் முன்னால் நின்று எடுத்தோம், எதைக் கொடுக்கலாம், எப்போது கொடுக்கலாம் என்று அவர் பார்த்துக் கொடுத்தார்.

பத்மநாபபுரம் அரண்மனை மேல்மாடிச் சுவரோவியங்களில் யார் பெயர் இருக்கிறது என்றும் கேட்டிருந்தாய். இல்லைதான். பெயர் போடாமல் வரைவது அந்தக் காலத்து வழக்கம். நான் செய்தது அப்படியா? எட்டு கிலோமீட்டர் தள்ளி உயிரோடு இருக்கிற மனிதரின் பெயரை விட்டுவிட்டு, மூலையில் என் நம்பரைப் போட்டேன்.

இந்தக் கருவிகள் எப்படி வரைகின்றன என்று அப்புறம் உட்கார்ந்து படித்தேன். பலவற்றில் நடப்பது இதுதான். ஒரு படத்தை எடுத்து அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளிகளைத் தூவிக் கலைக்கிறார்கள், பழைய டிவியில் சிக்னல் போனால் வருமே, அந்த மாதிரி ஆகிற வரைக்கும். கலைந்ததை எப்படித் திருப்பிக் கொண்டுவருவது என்று கம்ப்யூட்டர் கற்றுக்கொள்கிறது. கோடிக்கணக்கான படங்களில் அப்படிப் பழகிய பிறகு வெறும் புள்ளிகளைக் கொடுத்தாலே, நாம் எழுதிய வரிக்கு ஏற்ற படத்தை அதிலிருந்து தெளியவைக்கிறது. கண், காது, சூலம், பின்னால் இருக்கிற வேப்பமரம், எல்லாம் ஒன்றாகத் தெளிந்து வருகிறது. மயிலாடியில் சிலை செய்கிறவர்கள் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். ஆசானும் அப்படித்தான், முழு உருவமும் முடிந்து, அன்று குளித்து, ஒரு நேரம் சாப்பிடாமல் ஏணியில் ஏறுவார். கீழே நின்ற நாம் பேசக்கூடாது.

அந்தக் கோடிக்கணக்கான படங்கள் எங்கிருந்து வந்தன என்பதுதான் எனக்குத் தூக்கம் கெடுத்தது. 2022-ல் லேயான் என்ற ஜெர்மன் அமைப்பு இணையத்திலிருந்து தொகுத்த பட்டியலில் மட்டும் 585 கோடி படங்களும் அவற்றுக்கான குறிப்புகளும் இருந்தன. அதன் பகுதிகளை வைத்துத்தான் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் வரையும் ஏஐ பழக்கப்பட்டது. வரைந்தவர்களிடமோ போட்டோ எடுத்தவர்களிடமோ யாரும் கேட்கவில்லை. போலந்தில் கிரெக் ருட்கோவ்ஸ்கி என்று ஓர் ஓவியர், டிராகனும் கோட்டையுமாக வரைகிறவர், அவர் பெயரைப் போட்டால் படம் நன்றாக வருகிறது என்று ஆயிரக்கணக்கானவர்கள் அவர் பெயரைத் தட்ட ஆரம்பித்து, கடைசியில் இணையத்தில் அவர் பெயரைத் தேடினால் அவர் வரையாத படங்களும் வர ஆரம்பித்துவிட்டன. 2023 ஜனவரியில் மூன்று அமெரிக்க ஓவியர்கள் இந்த மாதிரிப் படம் வரையும் ஏஐ கம்பெனிகள் மேல் வழக்குப் போட்டார்கள். 2025 மார்ச்சில் எல்லாரும் தங்கள் குடும்பப் படத்தை ஏஐயில் ஜிப்லி என்ற ஜப்பான் கார்ட்டூன் ஸ்டுடியோவின் ஸ்டைலுக்கு மாற்றினார்களே, என் கடையில் மட்டும் ஒரு வாரத்தில் நாற்பது பிரிண்ட் போட்டிருப்பேன். அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஜப்பானில் கையால் வரைந்துகொண்டிருக்கும் மனிதர்கள் எனக்கு ரொம்ப தூரத்தில் இருந்தார்கள்.

நம் நாட்டுச் சட்டத்தையும் பார்த்தேன். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-ல் சேர்த்த வரி ஒன்று இருக்கிறது, கம்ப்யூட்டர் உருவாக்கும் படைப்புக்கு அதை உருவாக்கச் செய்த ஆளே ஆசிரியர் என்று. ஏஐ வருவதற்கு ரொம்ப முன்னால் எழுதியது. அதை அப்படியே வைத்துப் பார்த்தால் அந்த இசக்கியை வரைந்தவன் நான் என்று வாதிட வழி இருக்கிறது, எனக்கு அதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. நம் குமரி மாவட்டத்து மட்டி வாழைப்பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, தோவாளை மாணிக்க மாலைக்கு 2025-ல். பழத்துக்கும் மாலைக்கும் பெயரைக் காப்பாற்ற வழி செய்துவிட்டார்கள், நல்லது. ஒரு மனிதனின் கைப்பாணிக்கு அப்படி எதுவும் இல்லை. பதிப்புரிமைச் சட்டம் வரைந்த படத்தைக் காக்கும், பாணியைக் காக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை ஆசானைப் பார்க்கப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார், கை நடுக்கம் கூடியிருக்கிறது, டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடிக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன். ஏஐ என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன், பேரன் போனில் ஏற்கெனவே பார்த்திருக்கிறார். ஒரே கேள்விதான் கேட்டார், அதுக்கு என் படத்தை யார் கொடுத்தா என்று. நான்தான் ஆசானே என்றேன். கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "கேட்டிருந்தா தந்திருப்பேனே மக்களே" என்றார். 1,500 ரூபாயை வெற்றிலையில் வைத்து நீட்டினேன். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன், வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அது எனக்குப் பெரிய நிம்மதி.

ஆனால் கேட்டால் எல்லாவற்றுக்கும் தருகிறவரா அவர்? ஊதுபத்திக் கம்பெனிக்காரர் ஒருவர் நல்ல பணம் தருகிறேன், உங்கள் இசக்கியைக் கவரில் போட வேண்டும் என்று வந்தது ஞாபகம் இருக்கிறதா? கவரைக் கிழித்து சாக்கடையில் போடுவான், அம்மை முகம் அங்கே கிடக்கும், முடியாது என்று அனுப்பிவிட்டார். அந்த மாதம் வீட்டில் அரிசிக்கே கஷ்டம். அதனால்தான் 2025 டிசம்பரில் மத்திய அரசுக் குழு ஒன்று வைத்த யோசனையை என்னால் முழு மனதோடு ஏற்க முடியவில்லை. ஏஐ கம்பெனிகள் தங்கள் ஏஐயைப் பழக்குவதற்குப் படைப்புகளை எடுத்துக்கொள்ளலாம், அதற்குப் பொதுவாக ராயல்டி கட்ட வேண்டும், ஆனால் படைத்தவர் என்னுடையதை எடுக்காதே என்று சொல்ல முடியாது என்பது அதன் சாரம். காசு வருவது நல்லதுதான், ஒன்றுமே வராத இடத்தில் அதாவது வரட்டும். ஆனால் ஆசானுக்கு அந்த 'முடியாது' எவ்வளவு பெரியது என்று நாம் கூட இருந்து பார்த்தவர்கள். மறைந்த இரண்டு பாடகர்கள், பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது குரலை ஏ.ஆர். ரஹ்மான் 2024-ல் ஏஐ மூலம் கொண்டுவந்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். செத்துப்போனவருக்கே கேட்பதற்கு ஆள் இருந்தது. எனக்கு எட்டு கிலோமீட்டர்தான் தூரம்.

திரும்பி வரும் வழியில் ஒரு வீட்டுப் பின்னால் ரப்பர் விறகுக் குவியலை அந்த பிளக்ஸ் போட்டு மூடியிருந்தார்கள். மழைத் தண்ணீர் இசக்கியின் முகத்தில் குளம் கட்டிக் கிடந்தது, இடது கண் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. வீட்டுக்காரரிடம் சொல்லி, மறுநாள் கடையிலிருந்து வெள்ளை பிளக்ஸ் ஒன்று கொண்டுபோய்க் கொடுத்து அதை எடுத்து வந்தேன். இப்போது கடை மாடியில் சுருட்டி வைத்திருக்கிறேன், என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஏஐயை விட்டுவிடப் போவதில்லை, விட்டால் கடை ஓடாது. பழைய போட்டோவில் கீறலை எடுப்பது, பின்னணியை மாற்றுவது எல்லாம் செய்வேன். உயிரோடு இருக்கிற ஒருவரின் படத்தை அவரிடம் கேட்காமல் அதற்குள் போட மாட்டேன், கமிட்டி கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனாலும் சரி. ஜிப்லி கேட்டு வருகிறவர்களுக்கும் இப்போது இல்லை என்கிறேன். நேற்று இரண்டு பேர் அப்படிப் போனார்கள்.

உன்னிடம் ஓர் உதவி. நம் காலத்தில் எடுத்த போட்டோ ஆல்பம் உன்னிடம்தானே இருக்கிறது, வாவுபலி போர்டுகள், அந்தக் கோயில் சுவர், டீக்கடைச் சுவரில் எழுதிய குடை விளம்பரம். ஆசான் வரைந்தது எல்லாவற்றையும் ஊரோடும் வருஷத்தோடும் அவர் பெயரோடும் ஒரு புத்தகமாகச் சேர்க்கலாம் என்று இருக்கிறேன். அவரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார், ஏஐக்கு மட்டும் கொடுக்காதே என்றார். ஆடியில் வாவுபலிக்கு நீ வரும்போது இரண்டு பேருமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் வருஷம் கேட்டு எழுதிவிடலாம், அவருக்கு இப்போதும் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அதற்கு முன்னாலேயே ஸ்கேன் பண்ணி அனுப்பு, போனில் எடுக்காதே, பிரிண்ட்டில் பளபளப்பு விழுந்து கண் தெரியாமல் போய்விடும்.

உன் கூட்டுக்காரன்