கைப்பையில் தொங்க ஒரு கத்தரிக்காய்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் தோழி ஊர் மாறிப் போவதற்குள் கையால் பின்னிய ஏதாவது ஒன்றை அவள் பையில் மாட்டிவிட வேண்டும் என்று எழுதியிருந்தாய். இரண்டு வாரம் இருக்கிறது என்றால் தாராளம். ஆனால் கரடியும் முயலும் வேண்டாம். ஒரு கரடிக்குத் தலை, உடம்பு, 2 காது, 4 கைகால் என்று 8 துண்டு வரும். பின்னுகிற நேரத்துக்கு ஈடாகத் தைக்கிற நேரமும் ஆகும், புதுக்கைக்குக் காது ஒன்று ஏறி ஒன்று இறங்கித்தான் உட்காரும். கத்தரிக்காய் பின்னு. உடம்பு ஒரே துண்டு, மேலே ஒரு பச்சைத் தொப்பி, ஒரு கயிறு, அவ்வளவுதான். கொஞ்சம் கோணினாலும் கத்தரிக்காய்க்கு அது பொருந்தும்.

இந்தச் சின்னப் பொம்மைகளை ஜப்பான்காரர்கள் அமிகுருமி என்கிறார்கள். பின்னுவதற்கான சொல்லையும் துணிப் பொம்மைக்கான சொல்லையும் சேர்த்து ஆக்கிய பெயர் அது. மேசை விரிப்புக்குப் பின்னுகிற குரோஷாவில், அதாவது கொக்கி ஊசிப் பின்னலில், ஓட்டைதான் அழகு. இதில் ஓட்டை தெரிந்தால் பஞ்சு எட்டிப் பார்க்கும். அதோடு, அலமாரியில் உட்காரும் பொம்மை வேறு, பையில் தொங்குவது வேறு. தொங்குவதைப் பிடித்து இழுப்பார்கள், அது பேருந்துக் கம்பியில் உரசும், மழையில் நனையும். ஆகவே வெளியே தெரியாத இரண்டு இடத்தில் முழுக் கவனமும் வேண்டும்: பின்னலின் இறுக்கம், கயிறு உடம்போடு சேருமிடம்.

நூல்: டி.கே. (டபுள் நிட்டிங்) என்கிற மிதமான பருமனில் பருத்தி. ஊதாவில் 10 மீட்டருக்கு உள்ளேயே முடிந்துவிடும், பச்சையில் 4 மீட்டர் இருந்தால் போதும். 50 கிராம் உருண்டை ஒன்றில் எட்டுப் பத்துக் கத்தரிக்காய் வரும், அதனால் ஒன்று கெட்டாலும் கவலைப்படாதே. அக்ரிலிக் நூலிலும் பின்னலாம், ஆனால் பையோடு உரசி உரசிப் பொடிப்பொடியாக உருண்டை கட்டும். அடர் ஊதாப் பருத்தியில் சாயம் போகும் பயம் உண்டு. ஒரு துண்டு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பார். கறை பட்டால் வேறு நூல் வாங்கு, அவளுடைய வெளிர்நிறப் பையைப் பாழாக்க வேண்டாம்.

கொக்கி ஊசி 2.5 மில்லிமீட்டர். நூலின் சீட்டில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பார்கள், அது சால்வைக்குச் சரி. பொம்மைக்கு அதைவிடச் சின்ன ஊசி வேண்டும், அப்போதுதான் தையல் நெருங்கி உட்காரும். கடையில் எண் மட்டும் போட்ட எஃகு ஊசி கொடுத்தால் ஏமாறாதே, அதில் எண் கூடக்கூட ஊசி மெலியும். மில்லிமீட்டர் எழுதியிருப்பதையே கேள். இன்னும் வேண்டியவை: மழுங்கிய முனையும் பெரிய காதும் உள்ள தையல் ஊசி, ஒரு சேஃப்டி பின், கொஞ்சம் பாலியஸ்டர் பஞ்சு. இலவம் பஞ்சு வேண்டாம். அதன் இழை குட்டையானது, வழுவழுப்பானது, தையல் இடுக்கு வழியே வெளியே வரும், நனைந்தால் கட்டி தட்டும்.

நெட்டில் வேறு வரைவு எதையாவது பார்த்துப் பின்னுவதானால், எந்த நாட்டு வழக்கு என்று முதலில் பார். அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷே என்பதைத்தான் பிரிட்டன்காரர்கள் டபுள் குரோஷே என்கிறார்கள். அது தெரியாமல் பின்னினால் பொம்மை ஒன்றுக்கு இரண்டாக நீண்டு, சல்லடையாக வந்து நிற்கும். நான் கீழே எழுதுவது அமெரிக்க வழக்கு: சிங்கிள் குரோஷே என்றால் தையலுக்குள் ஊசியை விட்டு நூலை இழுத்து, ஊசியில் இருக்கிற இரண்டு கண்ணி வழியேயும் மறுபடி நூலை இழுப்பது.

மேஜிக் ரிங்கில் ஆரம்பி. நூலை இரண்டு விரலில் சுற்றி, அந்த வளையத்துக்குள் 6 சிங்கிள் குரோஷே போட்டு, வாலை, அதாவது நூலின் தொடக்க முனையை, இழுத்தால் நடு ஓட்டை மூடிக்கொள்ளும். வால் 15 சென்டிமீட்டராவது இருக்கட்டும். பிறகு அதை ஊசியில் கோத்து வளையத்தைச் சுற்றி ஒரு தரம், எதிர்த்திசையில் ஒரு தரம் ஓட்டிவிடு. இதை விட்டால் சில மாதத்தில் அடிப்பக்கம் வாய் திறக்கும்.

சிங்கிள் குரோஷே போடும்போது ஒன்றைக் கவனி. தையலுக்குள் ஊசியை விட்டு நூலை இழுக்கும்போது, நூலை ஊசிமேல் சுற்றிக்கொண்டு இழுத்தால் தையல் வி போல விழும். ஊசியை நூலின்மேல் வைத்துக் கொக்கியால் கொத்தி இழுத்தால் எக்ஸ் போலக் குறுக்காக விழும். எக்ஸ் தையல் சற்றுச் சின்னது, இறுக்கமானது, சின்னப் பொம்மைக்கு எனக்கு அதுதான் பிடிக்கும். எது போட்டாலும் கடைசிவரை அதையே போடு. பாதியில் மாறினால் இடுப்பில் ஒரு கோடு தெரியும்.

உடம்பு அடியிலிருந்து மேலே ஏறும். சுற்றைச் சேர்த்து முடிக்காமல் சுருள்போலப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். எங்கே சுற்று தொடங்கியது என்று கண்ணுக்குத் தெரியாது, அதற்குத்தான் சேஃப்டி பின். ஒவ்வொரு சுற்றின் முதல் தையலிலும் அதை மாட்டு. அடுத்த சுற்றில் அந்த இடம் வந்ததும் பின்னைக் கழற்றி, அதில் போட்ட புதுத் தையலில் மாட்டு.

முதல் சுற்று 6.
இரண்டாவது சுற்றில் ஒவ்வொரு தையலிலும் இரண்டு: 12.
மூன்றாவதில் ஒன்று விட்டு ஒன்றில் இரண்டு: 18.
நான்காவதில் “ஒன்று, அடுத்ததில் இரண்டு, ஒன்று” என்று 6 தரம்: 24.
ஐந்து முதல் எட்டு வரை கூட்டாமல் குறைக்காமல் 24.
ஒன்பதாவதில் “இரண்டு, பிறகு ஒரு குறைப்பு” 6 தரம்: 18.
பத்தாவது 18.
பதினொன்றில் “நான்கு, ஒரு குறைப்பு” 3 தரம்: 15.
பன்னிரண்டாவது 15.
பதின்மூன்றில் “மூன்று, ஒரு குறைப்பு” 3 தரம்: 12.
பதினான்காவது 12.
பதினைந்தில் 6 குறைப்பு: 6.

நான்காவது சுற்றில் கூட்டும் இடத்தை நடுவுக்குத் தள்ளியிருப்பதைப் பார்த்திருப்பாய். முந்தைய சுற்றில் கூட்டிய இடத்துக்கு நேர்மேலேயே மறுபடி கூட்டினால் வட்டம் அறுகோணமாகி, காய்க்கு மூலை முளைக்கும்.

எண்ணுவதில் சோம்பல் கூடாது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எண்ணு. 24 வர வேண்டிய இடத்தில் 23 வந்தால், பெரும்பாலும் சேஃப்டி பின் மாட்டிய முதல் தையலைத் தாண்டிப் போயிருப்பாய். 25 வந்தால் ஒரே தையலில் இரண்டு தரம் நுழைந்திருப்பாய். ஒரு சுற்றுக்குள் கண்டுபிடித்தால் பிரித்துப் போடுவது ஒரு நிமிட வேலை. ஐந்து சுற்று கழித்துத் தெரிந்தால் மனசே வராது.

நான்கு சுற்றுவரை தட்டையாக இருக்கும், அதன் பிறகு ஒரு கிண்ணம்போலக் குழியத் தொடங்கும். அப்போது எந்தப் பக்கம் வெளியே இருக்கிறது என்று பார். தையல் தெளிவாக வரிசையாகத் தெரிகிற பக்கம் வெளியே, குறுக்குக் கோடுகளாகத் தெரிகிற பக்கம் உள்ளே. வலக்கைக்காரருக்கு ஊசி கிண்ணத்தின் வெளியிலிருந்து உள்நோக்கி நுழைய வேண்டும். உள்ளிருந்து வெளியே குத்திக்கொண்டிருந்தால் பின்னல் புரண்டிருக்கிறது என்று அர்த்தம். கட்டைவிரலால் அழுத்தித் திருப்பிவிட்டால் சரியாகிவிடும். அதே இடத்தில் இறுக்கத்தையும் பார்த்துவிடு. பின்னலை இரண்டு கையாலும் லேசாக இழுத்து விளக்கின் முன்னால் பிடி. புள்ளி புள்ளியாக வெளிச்சம் வந்தால் ஊசியை 2.25க்கு மாற்றி முதலிலிருந்து தொடங்கு. மேலே போகப்போகச் சரியாகும் என்று நினைக்காதே, பஞ்சு அடைத்ததும் ஓட்டை இன்னும் பெரிதாகும்.

குறைப்பு: இரண்டு தையலை அப்படியே சேர்த்துப் போட்டால் அந்த இடம் முடிச்சுப்போலத் துருத்தும், பக்கத்தில் துளை விழும். அதற்குப் பதில், அடுத்த தையலின் முன்கண்ணியில் (தையலின் மேலே தெரிகிற இரண்டு கண்ணியில் உன் பக்கம் இருப்பதில்) மட்டும் ஊசியை விடு. நூலை இழுக்காமல் அதற்கடுத்த தையலின் முன்கண்ணியிலும் விடு. இப்போது ஊசியில் 3 கண்ணி. நூலைப் பிடித்து முதல் இரண்டின் வழியே இழு, பிறகு மிச்சமிருக்கிற இரண்டின் வழியே இழு. எங்கே குறைத்தாய் என்று உனக்கே தெரியாது.

முகம் வேண்டுமானால் பத்தாவது சுற்று முடிந்ததும் நிறுத்து. பின்னலின் திறந்த வாய் சுற்றிலும் 18 தையல் இருக்கும்போதுதான் விரல் உள்ளே போகும். சேஃப்டி ஐ என்று விற்கிற பிளாஸ்டிக் கண்ணில் 5 மில்லிமீட்டர் அளவு வாங்கி, ஆறாவது ஏழாவது சுற்றுக்கு நடுவில், 5 தையல் இடைவெளி விட்டுக் குத்தி, உள்ளே வட்டை அழுத்தி மாட்டு. மாட்டிய பிறகு கழற்ற முடியாது, ஆகவே அழுத்துவதற்கு முன் எட்டி நின்று பார்த்துவிடு. சிரிப்புக்குக் கறுப்பு நூலில் ஒரு வளைந்த தையல். குழந்தை இருக்கிற வீடாக இருந்தால் பிளாஸ்டிக் கண்ணே வேண்டாம், கறுப்பு நூலாலேயே தைத்துவிடு. முகம் இல்லாமலும் நன்றாக இருக்கும். ஒரு பக்கத்தில் வெள்ளை நூலால் நெடுக ஒரு நீளத் தையல், பக்கத்தில் ஒரு குட்டைத் தையல் போடு. கழுவிய கத்தரிக்காயில் வெளிச்சம் படுகிற பளபளப்பு வந்துவிடும்.

பஞ்சைப் பதினாலாவது சுற்று முடிந்ததும் அடை. உருண்டையாகத் திணிக்காமல் பிய்த்துப் பிய்த்து, பென்சிலின் பின்முனையால் முதலில் ஓரங்களுக்கும் பிறகு நடுவுக்கும் தள்ளு. அழுத்தினால் அமுங்கி, விட்டதும் திரும்பி வர வேண்டும். கல்போல அடைத்தால் தையல் விரிந்து ஊதாவுக்கு நடுவே வெள்ளை தெரியும். அடர்நிறத்தில் இது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். உன்னிடம் மிஞ்சிய ஊதா நூல்துண்டுகளைச் சுற்றிலும் உள்பக்கமாகப் போட்டு நடுவில் பஞ்சு வைத்தால் அந்தப் பயமே இல்லை. கடைசி 6 தையலையும் மூட, நூலை வெட்டி ஊசியில் கோத்து, ஒவ்வொன்றின் முன்கண்ணியிலும் உள்ளிருந்து வெளியே எடுத்து, மெல்ல இழு.

தொப்பி: பச்சையில் மேஜிக் ரிங்கில் 5, அடுத்த சுற்றில் 10. பிறகு இதழ்கள். 4 சங்கிலி (ஊசியில் இருக்கிற கண்ணி வழியே நூலை இழுப்பது ஒரு சங்கிலி) போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் ஒரு ஸ்லிப் ஸ்டிச் (நூலைத் தையல் வழியேயும் ஊசியில் இருக்கிற கண்ணி வழியேயும் ஒரே இழுப்பில் எடுப்பது), அடுத்ததில் ஒரு சிங்கிள், அதற்கடுத்ததில் ஒரு ஹாஃப் டபுள் (முதலில் நூலை ஊசிமேல் ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே விட்டு இழுத்து, 3 கண்ணி வழியேயும் ஒரே தரத்தில் நூலை இழுப்பது). வட்டத்தில் ஒரு தையல் விட்டு அடுத்ததில் ஸ்லிப் ஸ்டிச். இப்படி 5 தரம். தைப்பதற்கு 30 சென்டிமீட்டர் வால் விடு. நடு ஓட்டையை முழுக்க இறுக்கிவிடாதே, அதன் வழியாகத்தான் கயிறு போகும்.

இனி கயிறு. வெறும் சங்கிலியில் தொங்கவிட்டால் ஒரே வாரத்தில் நீண்டு மெலிந்துவிடும். 25 சங்கிலி போட்டு, திரும்பி 24 ஸ்லிப் ஸ்டிச் போடு. தட்டையான, நீளாத கயிறு கிடைக்கும். இரண்டு முனையிலும் 20 சென்டிமீட்டர் வால் இருக்கட்டும். அதைச் சாவிக்கொத்தில் இருப்பதுபோன்ற இரட்டைச் சுற்று வளையத்தில் மடித்து மாட்டு. வெட்டு வாய் உள்ள ஒற்றை வளையத்தில் ஒரு நூல் அளவு இடுக்கு இருந்தாலும் கயிறு நழுவிவிடும். இரண்டு வாலையும் தொப்பியின் நடு ஓட்டை வழியே இறக்கி, அடியில் ஒன்றோடொன்று முடிச்சுப் போடு.

பிறகு ஒவ்வொரு வாலையும் தையல் ஊசியில் கோத்து, காயின் உச்சியில் நுழைத்து, பஞ்சுக்குள்ளே முழு உடம்பையும் கடந்து அடியில் மேஜிக் ரிங்குக்குப் பக்கத்தில் வெளியே எடு. இரண்டும் ஒரே துளையில் வரக் கூடாது, ஒரு தையல் தள்ளி வரட்டும். அங்கே லேசாக இழுத்து முடிச்சுப் போட்டு, மிச்சத்தை உள்ளே செலுத்தி வெட்டிவிடு. பையைப் பிடித்து யாராவது இழுத்தால் பாரம் தொப்பியில் விழாது, அடிவரைக்கும் இறங்கும். தொப்பியில் மட்டும் தைத்துத் தொங்கவிட்டவைதான் தலை பிய்ந்து கீழே விழுகின்றன. இழுக்கும்போது அடியில் ஒரு சின்னக் குழி விழும், விழட்டும். பூ உதிர்ந்த இடத்தில் உண்மைக் கத்தரிக்காய்க்கும் அப்படித்தான் ஒரு தழும்பு இருக்கும். கடைசியாகத் தொப்பியைச் சுற்றிலும், இதழ் நுனி உட்பட, வாலால் தைத்துவிடு.

முடிந்ததும் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் இருக்கும். இரண்டு பின்னி, நல்லதைக் கொடு. பரிசோடு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வை: குளிர்ந்த தண்ணீரில் கையால் அலசி, துண்டில் சுருட்டிப் பிழிந்து, நிழலில் உலர்த்தவும். மெஷினில் போட வேண்டாம்.

நான்காவது சுற்று முடிந்ததும் தட்டையாக வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பு. எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன், அதற்குப் பிறகு ஐந்தாவதைத் தொடங்கு.

அன்புடன்,
அம்மா