உன் கிட்டாரைக் கீழே போட்டது நான்தான்

அல்சூர்,
ஜூன் 14

அன்புள்ள ஸ்டெல்லா,

இங்கே எல்லாரும் நலம். பெரியவன் செகண்ட் பி.யு.சி. முடித்துவிட்டுக் காலேஜ் சீட்டுக்கு அலைகிறான். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. டெல்லி வெயில் தணிந்ததா? மாமியாருக்கு முழங்கால் எப்படி? நீ போன வாரம் அனுப்பிய ஊறுகாய்ப் படத்தைப் பார்த்தேன். இருபத்தேழு வருஷம் ஆகியும் உனக்கு மாங்காயை ஒரே அளவாக நறுக்க வரவில்லை. சரி, குசலம் போதும்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் நீ போனில் "என் கிட்டார் நல்லா இருக்காடி?" என்று கேட்டாய். "பத்திரமா இருக்கு" என்றேன். அது பொய், ஸ்டெல்லா. அப்போது அது கட்டில் மேல் கம்பி எல்லாம் தளர்ந்து, வயிறு பிளந்து கிடந்தது. அன்றிலிருந்து உன் பெயர் போனில் வந்தாலே வேறு ஆளிடம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நீயும் கவனித்திருப்பாய். முழுவதையும் சொல்ல வேண்டுமென்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுவில் நீ அழுவாய், நானும் அழுவேன், பாதி விஷயம் விட்டுப்போகும்.

தவக்காலத்து இரண்டாவது வெள்ளி. சிலுவைப்பாதை முடிந்து, குருத்தோலை ஞாயிறு பாட்டுக்குப் பயிற்சிக்கு நின்றோம். நம் சவரியண்ணன் வழக்கம்போல ஆர்மோனியத்தைச் சுருதியில் அரைக்கட்டை ஏற்றி வாசிக்க, நான் அவரைப் பார்த்துத் திரும்பினேன். அடியில் வார் மாட்டும் பட்டன் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. கழுத்துப் பக்கம் கையில் நின்றது, உடம்பு சுழன்று கருங்கல் படியில் மோதியது. மரம் உடையும் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. ஆறு கம்பியும் ஒன்றாகக் கத்தியதுதான் கேட்டது. அந்தத் திருகு கொஞ்ச நாளாக ஆடிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியும். அடுத்த வாரம் பார்க்கலாம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன்.

கம்பிகள் வந்து முடியும் பிரிட்ஜுக்குக் கீழே தொடங்கி அடி விளிம்பு வரைக்கும் ஒரே கோடு. பிறகு அளந்தேன், 17 சென்டிமீட்டர். எடுத்தவுடன் செய்தது கம்பிகளைத் தளர்த்தியதுதான். உங்கள் அப்பா சொல்லிக்கொடுத்ததுதானே அது? "என்ன ஆனாலும் முதல்ல கம்பியை இறக்கு, மீதியை அப்புறம் பாரு." ஆறு கம்பியும் சேர்ந்து அந்தப் பலகையை 70 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கும். அந்தப் பலகையோ 3 மில்லிமீட்டர் கனம்கூட இல்லை. இழுப்பு அப்படியே இருந்திருந்தால் விடிவதற்குள் விரிசல் இன்னும் நீண்டிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் இவர் ஃபெவிக்விக்கோடு வந்து நின்றார். பாவம், உதவத்தான் வந்தார். நான் கையைத் தட்டிவிட்டேன். அது மரத்துக்குள் ஊறிக் கறையாக நின்றுவிடும், பிறகு யாராலும் பிரித்துச் சரியாக ஒட்ட முடியாது. மறுநாள் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். அங்கே இருந்த பையன் உறையைக்கூட முழுதாகத் திறக்கவில்லை. "இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசு வாங்கிக்கோங்க மேடம்" என்றான். எனக்கு வந்த கோபத்தில் பதில்கூடச் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டேன். உன் சித்தப்பா குவைத்திலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த கிட்டார் அது. அதில் வாசிக்காத கல்யாணப் பூசை நம் தெருவில் உண்டா?

காக்ஸ் டவுனில் ஒருவர் வீட்டிலேயே கிட்டாரும் வயலினும் சரி பண்ணுகிறார் என்று சவரியண்ணன்தான் விசாரித்துச் சொன்னார். அவர் முதலில் வட்ட ஓட்டையின் விளிம்பை விரலால் தடவினார். மேலே ஓடும் ரேகை அந்த விளிம்பில் இறங்கி உள்பக்கம் வரைக்கும் தொடர்ந்து போனதைக் காட்டினார். "பாருங்கம்மா, ஒரே மரம், ப்ளைவுட் இல்லை. ஸ்ப்ரூஸ், பைன் மாதிரி மரம். இது பிழைக்கும்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு அவர் காலில் விழுந்திருப்பேன். ஆனால் அவரிடம் ஏற்கெனவே வரிசையில் வேலை நின்றது, ஈஸ்டர் கழிந்துதான் எடுக்க முடியும் என்றார். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். "உங்க கை சின்னது. உள்ளே போகும். நீங்களே பண்ணுங்க, நான் சொல்லித் தர்றேன்" என்றார். மஞ்சள் தச்சுப் பசை ஒரு சின்னக் குப்பியில், ஸ்ப்ரூஸ் துண்டு ஒன்று, இரண்டு கிளாம்ப், இவ்வளவும் கொடுத்தனுப்பினார்.

உடனே ஒட்டக் கூடாதாம். மார்ச் மாதத்துப் பெங்களூரு உனக்குத் தெரியும், உதடு வெடிக்கிற காய்ச்சல். மரமும் ஈரம் இழந்து சுருங்கியிருக்கும், அதனால் விரிசலின் இரண்டு பக்கமும் விலகி நிற்கும். அப்படியே இழுத்து ஒட்டினால் பலகை இறுக்கத்தில் நின்று வேறு இடத்தில் வெடிக்கும். சோப்பு டப்பாவில் ஓட்டை போட்டு, ஈர ஸ்பாஞ்சை நன்றாகப் பிழிந்து உள்ளே வைத்து, கிட்டாரோடு பெட்டிக்குள் போட்டு மூடினேன். தினமும் காலையில் பால் காய்ச்சுவதற்கு முன்னால் திறந்து பார்ப்பேன். முதல் நாள் விசிட்டிங் கார்டு நுழைந்தது. ஐந்தாம் நாள் நகக்கண்கூட மாட்டவில்லை. தானாகவே மூடிக்கொண்டிருந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கியது போல இருந்தது எனக்கு.

பசை போட்டது ஒரு சனிக்கிழமை. பசையை மேலிருந்து தேய்த்துக்கொண்டே, இன்னொரு கையை ஓட்டைக்குள் விட்டு அடியிலிருந்து மெல்ல மெல்ல அமுக்க வேண்டும். அமுக்கும்போது கோடு ஒரு மயிரிழை திறக்கும், விட்டால் பசையை உறிஞ்சிக்கொண்டு மூடும். திறந்து மூடி, திறந்து மூடி, கடைசியில் உள்பக்கம் என் விரலில் பசை ஈரம் பட்டது. அதுவரைக்கும் போடணும் என்று அவர் சொல்லியிருந்தார். ஈரத் துணியால் துடைத்து, மெழுகுத் தாள் வைத்து, அதன் மேல் சமமான கட்டை வைத்துக் கிளாம்பைத் திருகினேன். 24 மணி நேரம் வீட்டில் யாரும் அந்த அறைப்பக்கம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட நான் அல்சூரில் காலை முதல் பூசைக்கே போய்த் திரும்பிவிட்டேன்.

ஆனால் ஒட்டினால் மட்டும் நிற்காது. உள்ளே விரிசலுக்குக் குறுக்கே சின்னச் சின்ன ஒட்டுத்துண்டுகள் வைக்க வேண்டும். 2 மில்லிமீட்டர் கனம், கட்டைவிரல் நகம் அளவு, நான்கு. துண்டின் ரேகை விரிசலுக்குக் குறுக்கே ஓட வேண்டும். அதே திசையில் வைத்தால் விரிசலோடு சேர்ந்து அதுவும் பிளந்துவிடும். உப்புத்தாளில் நான்கையும் தேய்த்துத் தேய்த்து என் விரல் நுனி வழவழவென்று ஆகிவிட்டது. வைக்கப் போனால் என் கல்யாண வளையல் ஓட்டையில் இடிக்கிறது. அதைக் கழற்றியதே இல்லை நான். சோப்பு போட்டு, எண்ணெய் போட்டு, கடைசியில் பிளாஸ்டிக் கவரைக் கையில் சுற்றி இழுத்துக் கழற்றினேன். மணிக்கட்டில் வெள்ளையாய் ஒரு வளையம்.

சின்னவன் பழைய ஹார்ட் டிஸ்கைப் பிரித்துக் காந்தம் எடுத்துத் தந்தான். உள்ளே துண்டின் மேல் ஒரு காந்தம், வெளியே அட்டையும் மெழுகுத் தாளும் வைத்து ஒரு காந்தம். இரண்டும் பலகையை நடுவில் வைத்துக் கவ்விப் பிடித்துக்கொண்டன. வீட்டில் வாயே திறக்காத பிள்ளை, கிறிஸ்துமஸ் சீரியல் பல்பை உள்ளே இறக்கி, முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் "இடது பக்கம்மா, இன்னும் கொஞ்சம்மா" என்று வழி சொன்னான்.

இப்போது கேள். இதற்காகத்தான் கடிதமே.

மூன்றாவது துண்டு வைக்கும்போது அவன், "அம்மா, இங்கே ஏற்கெனவே ரெண்டு ஒட்டியிருக்கே" என்றான். நான் கண்ணாடியில் பார்த்தேன். நம் விரிசலிலிருந்து நான்கு விரல் தள்ளி, விளிம்போரம், சிவந்த மரத்தில் இரண்டு துண்டு. தேக்கு. பசை வழிந்த தடமே இல்லை. நான்கு ஓரமும் சரிவாகச் சீவி, மூலைகளை ஒரே மாதிரி மழுக்கி வைத்திருந்தது. வெளியே பலகையை வெயிலில் சாய்த்துப் பார்த்தால்தான் அங்கே தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரிகிறது. இத்தனை வருஷம் நான் பார்த்ததில்லை. நீயும் பார்த்திருக்க மாட்டாய்.

காக்ஸ் டவுன்காரரிடம் படம் காட்டினேன். "இது கிட்டார் வேலை தெரிஞ்சவர் பண்ணதில்லை. அவர் தேக்கு வைக்க மாட்டார். ஆனா மரம் தெரிஞ்சவர் கை" என்றார்.

உங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடில் நினைவிருக்கிறதா? அதன் கூரையில் ஒவ்வொரு ஓடும் இப்படித்தான் நான்கு ஓரமும் சரிவாகச் சீவியிருக்கும். எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில், வார்ப்புக்கு மர அச்சு செய்யும் பேட்டர்ன் ஷாப்பில் மிச்சமாகும் தேக்குச் சில்லுகளை டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டு வந்து, கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வென்ட் வாரங்கள் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்து சீவிக்கொண்டிருப்பாரே உங்கள் அப்பா. மாட்டின் காதைக்கூட மழுக்கி வைப்பார், "குழந்தைங்க தொடும்" என்று.

1994 டிசம்பரையும் நினைத்துப் பார். கேரல்ஸுக்கு முந்தின வாரம் கிட்டாரைக் காணோம். "கம்பி வரலை, கடைக்காரன் இழுத்தடிக்கிறான்" என்றார் அப்பா. மர்பி டவுன் முழுக்க டோலக்கை மட்டும் அடித்துக்கொண்டு சுற்றினோம். நீ இரண்டு நாள் அவரோடு பேசவில்லை, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாய். அவர் ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்து மூடி வைத்தார். நான் அப்போது உங்கள் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். கிறிஸ்துமஸ் அன்று காலையில் கிட்டார் பழைய இடத்தில் தொங்கியது, புதுக் கம்பியோடு.

அவர் கையிலிருந்துதான் விழுந்திருக்க வேண்டும், ஸ்டெல்லா. உன்னிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. எந்த விளக்கில், எந்த ராத்திரியில் அந்த ஓட்டைக்குள் கை விட்டாரோ. அவர் கை பெரிய கை. உள்ளே போனதே ஆச்சரியம். அதை நினைத்துக்கொண்டு அன்றைக்கு என்னால் நான்காவது துண்டை வைக்க முடியவில்லை. மறுநாள்தான் வைத்தேன்.

உனக்குத் தெரியுமா, தெரியாதா? அம்மாவிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறாரா? எனக்கு எழுது. அவர் போய் ஆறு வருஷம் கழித்து இதைச் சொல்லி உன்னைக் கலங்கடிக்கிறேனோ என்று பயமாகவும் இருக்கிறது. ஆனால் இதை நான் மட்டும் பார்த்து வைத்துக்கொள்வது சரியில்லை. படம் சின்னவன் இன்று ராத்திரி அனுப்புவான். இரண்டாவது படத்தில் வலது ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்.

கிட்டார் இப்போது நன்றாக இருக்கிறது. புதுக் கம்பி, மெல்லியது போட்டிருக்கிறேன். முதல் வாரம் அரைக்கட்டை இறக்கி வைத்திருந்து, பிறகு மெதுவாக ஏற்றினேன். தட்டிப் பார்த்தால் அதிர்வோ கிறீச்சோ இல்லை, உள்ளே குறுக்குக் கட்டைகள் எதுவும் விடவில்லை. பேஸ் கம்பி முன்பைவிடக் கொஞ்சம் அடங்கி ஒலிக்கிற மாதிரி எனக்குப் படுகிறது. சவரியண்ணன் இல்லை என்கிறார். நீ வந்து கேட்டுச் சொல். என் கோடு வெளியே தெரியும். வார்னிஷ் போட்டு மறைக்கட்டுமா என்று காக்ஸ் டவுன்காரர் கேட்டார், நீ பார்க்கிறவரைக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 29 சிவாஜிநகர் மாதா கோயில் கொடியேற்றம். செப்டம்பர் 8 திருநாள் வரைக்கும் இருக்கிற மாதிரி டிக்கெட் எடு. இந்த முறை லீவு இல்லை, மாமியாருக்கு ஆள் இல்லை என்று கதை சொல்லாதே. மாமியாரையும் கூட்டிக்கொண்டு வா, கீழ் அறை காலியாகத்தான் இருக்கிறது.

பட்டன் கழன்ற துளையில் பசை தொட்ட பல்குச்சிகளை அடைத்து, காய்ந்த பிறகு கொஞ்சம் நீளமான திருகு போட்டேன். தினமும் ஒரு தடவை வாரைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறேன். அசையவில்லை.

உன்,
ரெஜி