வேதாளம் நான்தான், அம்மிணி

அம்மிணி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன், பக்கத்தில் உட்கார்ந்து உங்கம்மா முறைத்துக்கொண்டிருந்தாள், அதனால்தான் இதை எழுதுகிறேன். "பையன் புத்தகத்தையே தொட மாட்டேங்கிறான், எங்களை மட்டும் எப்படிப்பா படிக்க வெச்சீங்க?" என்றாய். நான் எங்கே படிக்க வைத்தேன்? கெடுக்கத்தான் பார்த்தேன், நீ தப்பித்துக்கொண்டாய்.

உனக்கு ஒன்பது வயது. வாயனசாலையில், நம் ஊர் நூலகத்தில், பழைய அம்புலிமாமா கட்டு ஒன்று கிடைத்தது, சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுவந்தேன். நீ திண்ணையில் குப்புறப் படுத்து, ஒரு கையில் முறுக்கும் இன்னொரு கையில் புத்தகமுமாய் வேதாளம் கதைகளைத் தின்று தீர்த்தாய். அப்படியே விட்டிருக்கலாம். ஒவ்வொரு கதை முடிந்ததும் "இதில் என்ன தெரிந்துகொண்டாய், இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்" என்று ஆரம்பித்தேன், நோட்டு வாங்கிக் கொடுத்து கதைக்குப் பத்து வரி எழுது என்றேன், எண்ணெய்க் கை பட்ட பக்கத்தைக் காட்டித் திட்டவும் செய்தேன். கதையில் வேதாளம் கேள்வி கேட்டுவிட்டு முருங்கை மரத்துக்காவது திரும்பிப் போகும், நான் உன் தோளை விட்டு இறங்கவே இல்லை. இரண்டே மாதம், கட்டு அரிசி டிரம்முக்கு அடியில் போய்விட்டது.

அதை வெளியே எடுத்தது உங்கம்மாதான். அவள் படித்தது மலையாளம் மீடியம், தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும், உனக்கே தெரியும். ராத்திரி பாத்திரமெல்லாம் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்து, திக்கித் திக்கி உனக்குச் சத்தமாகப் படிப்பாள், 'ழ' வருகிற இடத்தில் நீ சிரித்துத் திருத்துவாய். ராஜகுமாரன் குகைக்குள் காலை வைக்கிற இடமாகப் பார்த்து "கண்ணு எரியுது, மீதி நாளைக்கு" என்று புத்தகத்தை அம்மி மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துவிடுவாள். கொஞ்ச நேரத்தில் சமையல்கட்டு லைட் எரியும். நான் எழப் போனால் என் கையைப் பிடித்து இழுப்பாள்.

உன் பையனும் இப்போது அவன் அம்மாயி, உங்கம்மா மாதிரிதான். பேசுகிறான், படிக்கும்போது எழுத்து எழுத்தாக நிற்கிறான். மே மாதம் வந்திருந்தபோது பார்த்தேன், ஒரு சொல்லுக்குள் நாலு தடவை நீ திருத்தினாய், அஞ்சாவது தடவை அவன் வாயே திறக்கவில்லை. எட்டு வயசாச்சே என்று பார்க்காதே, நீயே படித்துக் காட்டு. தப்பாகப் படி, அவன் திருத்தட்டும். காமிக்ஸா, பரவாயில்லை. அவன் வயசுக்குச் சின்னப் புத்தகமா, அதுவும் பரவாயில்லை. பிரதம் புக்ஸ்காரர்களின் ஸ்டோரிவீவர் என்கிற இணையதளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடக்கின்றன, படிக்கிற பிள்ளையின் தரத்துக்கு ஏற்றபடி பிரித்தும் வைத்திருக்கிறார்கள், கன்னடத்திலும் உண்டு. ஆனால் போனை அவன் கையில் கொடுத்துவிட்டு நீ எழுந்து போகாதே. மாப்பிள்ளையும் ராத்திரி பத்து நிமிஷம் போனைக் கீழே வைத்துவிட்டு எதையாவது படித்தால் நல்லது, அவரிடம் நேரே சொல்ல எனக்குக் கூச்சம், நீ பக்குவமாகச் சொல்.

இங்கே கேரளத்தில் ஜூன் 19 வந்தால் பள்ளிக்கூடமெல்லாம் வாயனதினம், அதாவது வாசிப்பு நாள், கொண்டாடுகிறார்கள், பி.என். பணிக்கர் 1995இல் இறந்த நாள் அது. 1945இல் 47 நூலகங்களைச் சேர்த்துத் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தைத் தொடங்கிய மனுஷர். "வாயிச்சு வளருக", படித்து வளருங்கள் என்றுதான் அவர் சொன்னார், வாயிச்சுப் பத்து வரி எழுதுக என்று எங்கும் சொல்லவில்லை. எனக்கு அது உறைக்க இத்தனை வருஷம் ஆனது.

அந்த அம்புலிமாமா கட்டில் கரையான் தின்றது போக ஏழு தேறியது, பொள்ளாச்சி போகும்போது பார்சல் போட்டுவிடுகிறேன். முதல் கதையை நீ பாதியில் நிறுத்து. உங்கம்மா கூடவே முறுக்கும் கட்டி வைத்திருக்கிறாள், எண்ணெய்க் கையோடு தொட்டால் தொட்டுவிட்டுப் போகிறான், விடு.

அப்பா
கொழிஞ்சாம்பாறை