பெயர் கண்ணாடியிலேயே இருக்கட்டும்: மதுரை வட்டாரச் சோடா உற்பத்தியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உற்பத்தியாளர்களுக்கு, வணக்கம்.

மதுரையில் லேபிளும் அட்டைப்பெட்டியும் வடிவமைக்கும் தொழிலில் இருபது ஆண்டுகளாக இருப்பவன், உங்களில் பலருடைய பன்னீர் சோடாவுக்கு லேபிள் செய்து கொடுத்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். அடுத்த கோடைக்கு ஆளுக்கொரு பக்கம் வெற்றுப் பாட்டில் வாங்கி ஸ்டிக்கர் ஒட்டுவதை விட்டு, எல்லோரும் சேர்ந்து ஒரே அச்சில் உங்களுக்கென்று ஒரு கண்ணாடிப் பாட்டிலை வார்க்கச் சொல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

கோலிச் சோடா பாட்டிலைக் கையில் எடுத்துப் பாருங்கள். இங்கிலாந்தின் ஹிராம் காட் 1870-களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற வடிவம் அது. தலைகீழாகத் திருப்பி நிரப்பும்போது கோலி கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தில் வந்து உட்கார, உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தமே அதை அங்கு நிறுத்திவிடுகிறது. நெரித்ததுபோல் இருக்கும் இடுக்கு, உடைத்த பிறகு கோலி அடியில் விழாமல் தாங்குகிறது. பக்கத்திலுள்ள குழிவுகள், ஊற்றும்போது அது உருண்டு வந்து வாயை அடைக்காமல் பிடித்துக்கொள்கின்றன. அழகுக்கென்று அதில் ஒரு வளைவுகூட இல்லை, ஆனாலும் அதைவிட அழகான பாட்டிலை நான் பார்த்ததில்லை. ஜப்பானில் ராமுனே என்ற பானம் இன்றும் இதே வகைப் பாட்டிலில்தான் வருகிறது.

அந்தப் பழைய பாட்டில்களில் கம்பெனியின் பெயர் கண்ணாடியிலேயே புடைப்பெழுத்தாக இருந்தது. காலி பாட்டில் யாரிடம் திரும்ப வேண்டும் என்பதை அதுவே சொன்னது. காஸ்டிக் சோடாவில் எத்தனை முறை கழுவினாலும் அது போகவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் உங்களில் ஒருவர் வயிறு பருத்த, தோள் சரிந்த பாட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தபோது நான் தடுக்காமல் லேபிள் அடித்துக் கொடுத்தேன். காகிதம் ஒரு திசையில் வளையும். ஒரே நேரத்தில் இரண்டு திசையில் வளையச் சொன்னால் சுருங்கும். சுருக்கம் விழுந்த அந்த லேபிள்கள் திருமங்கலத்துப் பெட்டிக்கடை ஐஸ் பெட்டியில் மாலைக்குள் கழன்று மிதந்ததைப் பார்த்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. லேபிள் ஒட்டும் இடம் நேர் உருளையாக, சற்றே உள்வாங்கி இருக்க வேண்டும். கிரேட்டில் பாட்டிலோடு பாட்டில் உரசும்போது தேய்மானத்தைத் தாங்க, அதன் மேலும் கீழும் புடைத்த பட்டை வேண்டும். அன்றே இதைச் சொல்லாதது என் தவறு.

செலவு பற்றிய உங்கள் தயக்கம் நியாயமானது. ஏறத்தாழ 1500 டிகிரியில் மணலும் சோடா உப்பும் சுண்ணாம்புக்கல்லும் உருகும் உலை இரவு பகலாக எரிவது. சில ஆயிரம் பாட்டிலுக்காக அங்கே அச்சை மாற்றச் சொன்னால் விலை கட்டாது. பத்துப் பேர் சேர்ந்தால் கணக்கு மாறும். 19-ஆம் நூற்றாண்டிலேயே அச்சின் உடலைப் பொதுவாக வைத்து, பெயர்த்தகட்டை மட்டும் கழற்றி மாட்டும் முறை இருந்தது. அதுவும் கூடுதல் செலவு என்றால், பொதுப் பாட்டிலில் அவரவர் பெயரைச் செராமிக் மையால் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்து, 600 டிகிரி அளவில் சுட்டெடுக்கலாம். மை கண்ணாடியோடு ஒன்றிவிடும். அடிக்கடி மாறும் விலைக்கும் தேதிக்கும் மட்டும் ஒரு சிறு லேபிள் போதும், அதற்குச் சிவகாசி பக்கத்திலேயே இருக்கிறது.

திரும்பி வரும் பாட்டில் கனமாகத்தான் இருக்க வேண்டும், தூரத்துக்கு ஏற்றினால் வண்டி வாடகை கடிக்கும். ஆனால் உங்கள் சரக்கு போவது மேலூருக்கும் உசிலம்பட்டிக்கும்தானே. சரக்கு இறக்கிய வண்டியே காலியை ஏற்றி வந்துவிடும்.

வரைபடத்தையும் மர மாதிரியையும் நான் கூலியின்றிச் செய்து தருகிறேன். உங்கள் கிடங்கில் தாத்தா காலத்துப் பெயர் பொறித்த பாட்டில் ஒன்றிரண்டு கிடந்தால், பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாமல் தை மாதத்துக்குள் என்னிடம் கொடுங்கள். எழுத்தின் உயரத்தையும் கண்ணாடியின் கனத்தையும் அவற்றிலிருந்தே அளந்து எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லேபிள் வடிவமைப்பாளர் ஒருவர்,
மதுரை