இரண்டு கடிதங்களில் முதலாவதற்குப் பதில்

அன்புள்ள சிவநேசா,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. வைகாசியில் வந்தது அன்பு மடல். ஆவணியில் வந்தது குற்றப்பத்திரிகை. ஐந்து மாத மௌனத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, முதலாவதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். இந்த உத்தி என்னுடையது அன்று, அமெரிக்கத் தூதர் லெவெலின் தாம்சனுடையது.

இரண்டு மாதமாக அந்த மனிதரைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். கொலராடோவில் 1904இல் பிறந்த பண்ணைக்காரர் மகன். வெளியுறவுப் பணியில் சேர்ந்ததும் முதலில் அனுப்பப்பட்ட ஊர் உன் கொழும்புதான், மார்தட்டிக்கொள். 1941இல் ஜெர்மானியப் படை நெருங்கியபோது அமெரிக்கத் தூதரகம் குய்பிஷேவ் நகருக்கு இடம்பெயர, மாஸ்கோவிலேயே தங்கிய சிலரில் இவரும் ஒருவர். நான்கு வல்லரசுகளின் படைகளும் ஆஸ்திரியாவை விட்டு வெளியேற வழிசெய்த 1955ஆம் ஆண்டு உடன்படிக்கையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டல்லஸுடன் இவரும் கையெழுத்திட்டார். 1957 முதல் ஐந்தாண்டுகள் மாஸ்கோவில் தூதராக இருந்து, சோவியத் தலைவர் குருஷ்சேவின் கோபத்தில் எது நிஜம், எது நாடகம் என்று பிரித்தறியக் கற்றார்.

அந்தப் படிப்பு 1962 அக்டோபர் 27 அன்று கைகொடுத்தது. கியூபாவில் சோவியத் யூனியன் நிறுத்திய ஏவுகணைகளால் போர் மூளும் நிலை. கியூபாவைத் தாக்குவதில்லை என்று அமெரிக்கா உறுதியளித்தால் அவற்றை அகற்றலாம் என்ற தொனியில் முதல் நாள் குருஷ்சேவிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. மறுநாள் காலையில், துருக்கியிலுள்ள அமெரிக்க ஏவுகணைகளையும் அகற்ற வேண்டும் என்று வேறொரு கடிதம் வானொலியிலேயே வாசிக்கப்பட்டது. பேச்சுவார்த்தையால் இனிப் பயனில்லை என்று அதிபர் கென்னடியே சலித்துக்கொள்ள, தாம்சன் அதை முகத்துக்கு நேரே மறுத்தார். கியூபாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று குருஷ்சேவ் சொல்லிக்கொள்ள இடம் கொடுத்தால் போதும் என்பது அவர் வாதம். ஒலிநாடாவில் பதிவாகியிருக்கும் அந்த உரையாடலை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அத்தனை அதிகாரிகள் நடுவில், எதிரியின் மானத்தைப் பற்றிக் கவலைப்பட ஒருவர் இருந்திருக்கிறார். தூதர்களை 'விருந்துண்ணிகள்' என்று மாணிக்கம் அண்ணன் திண்ணையில் நாம் பரிகசித்ததை, இவர் ஒருவருக்காக மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பதில் முதல் கடிதத்துக்கே போயிற்று. துருக்கி ஏவுகணைகளும் அகற்றப்படும் என்ற வாக்குறுதி சோவியத் தூதரின் காதில் மட்டும் போடப்பட்டு, பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் இருந்தது.

ஆகவே, முதல் கடிதத்தில் நீ அழைத்தபடி தை மாதம் கொழும்பு வருகிறேன். இரண்டாம் கடிதத்தில் நீ திருப்பிக் கேட்ட புத்தகம் என் பெட்டியில் இருக்கும். அதைப் பற்றி இருவரும் வாய் திறக்க வேண்டாம்.

உன்,
ராமநாதன்